பாரம் ஏறிய பின்னரே இறுக்குக

"மகன் என்ன படிக்கிறார்?" என்ற கேள்வி எழாத தமிழர் மண்டபம் இந்த நாட்டில் இல்லை. திருமணமாயினும் அந்தியேட்டியாயினும் சாப்பாட்டு வரிசையில் முன்னுக்கு நிற்பவர் திரும்பிப் பார்த்து இதைத்தான் கேட்பார். கடந்த இரண்டு ஆண்டுகளாக நாம் "எஞ்சினியரிங் பக்கம்" என்று விடை கூறி, உடனே பேச்சை வேறு திசைக்குத் திருப்பி வந்தோம். அந்த விடை முழுப் பொய்யும் அன்று, முழு உண்மையும் அன்று. எமது மகன் உயர்தரப் பரீட்சை முடிந்ததும் பல்கலைக்கழகம் செல்ல மறுத்து, இலண்டன் புறநகரில் ஒரு மோட்டார் திருத்தகத்தில் தொழில் பயிலச் சேர்ந்துவிட்டான். கலைப் பட்டம் பெற்று ஊரிலே ஆசிரியராக இருந்த நாம் அதனை எமது தோல்வியாகவே கணக்கிட்டிருந்தோம்.

அந்தக் கணக்கில் ஒரு பிழை இருந்தது. அதை எமக்கு உணர்த்தியவை இரண்டு ஷொக் அப்சோபர்கள் என்றால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். நடந்ததை நடந்தபடி சொல்கிறோம்.

சென்ற இலையுதிர் காலத்தில் மகன் தன் சம்பளத்தில் சேமித்த பணத்தைக் கொடுத்து ஒரு காரை வாங்கினான். கார் என்று சொன்னோமே தவிர, லொறியிலிருந்து இறங்கியவை ஓர் இரும்புக் குழாய்ச் சட்டகமும் பல அட்டைப் பெட்டிகளுமே. முதிய ஆங்கிலேயர் ஒருவர் தாமே பூட்டுவதற்காக வாங்கி, கண்பார்வை மங்கியதால் பாதியில் விட்டது அது. "இந்தக் காசுக்கு ஓடுகிற கார் ஒன்றையே வாங்கியிருக்கலாமே" என்று நாம் சொன்னோம். அவன் மறுமொழி கூறவில்லை. அன்றிலிருந்து வீட்டுக் கராஜின் கதவு எமக்கும் அவனுக்கும் நடுவே ஒரு சுவராகிவிட்டது. துணைவியார் மட்டும் தேநீர்க் கோப்பையுடன் அந்தச் சுவரைக் கடந்து போய் வந்தார்.

காரைத் தாமே பூட்டும் இப்பழக்கம் இந்நாட்டில் பழையது. 1957 ஆம் ஆண்டு கொலின் சப்மன் என்பவரின் லோட்டஸ் நிறுவனம் "செவன்" என்ற சிறிய இரு இருக்கைக் காரை அறிமுகப்படுத்தியது. முழுதாகச் செய்யப்பட்ட புதிய காருக்கு அக்காலத்தில் கொள்வனவு வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டிலே பூட்டுவோருக்கு அவ்வரி இல்லை. எனவே பணம் குறைந்த இளைஞர் பலர் பாகங்களாகவே வாங்கினர். 1973 இல் பெறுமதி சேர் வரி வந்தபோது அச்சலுகை மறைந்தது. அதே ஆண்டில் செவன் காரின் உரிமையும் கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறிற்று. வரிச் சலுகை போன பின்னரும் பழக்கம் போகவில்லை. 1996 இல் ரொன் சாம்பியன் என்பவர், 250 பவுண் செலவிலும் ஒருவர் தம் விளையாட்டுக் காரைத் தாமே செய்யலாம் என்று ஒரு நூலே எழுதினார். எமது மகன் வாங்கியதும் அந்தச் செவன் வழியில் வேறொருவர் செய்த காரே. சாதாரண காரின் பாதி எடைகூட இல்லாதது. முன் சில்லுகளும் அவற்றைத் தாங்கும் கைகளும் உடலுக்கு வெளியே, எலும்புகள் போல, கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் மாலையில் சமையலறை வாசலில் மகன் வந்து நின்றான். கைகளில் எண்ணெய் இருந்தது.

"அப்பா, ஒருக்கால் கராஜுக்கு வாறியளோ? ஒரு ஆள் பிடிச்சால்தான் இது பூட்டலாம்."

ஐந்து மாதங்களில் அவன் எம்மிடம் கேட்ட முதலாவது உதவி அது. கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு சென்றோம்.

சட்டகம் நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல் நின்றது. முன்புறத்தில் இரு பக்கமும் மேலொன்றும் கீழொன்றுமாகக் கவை வடிவக் கைகள் நீட்டிக்கொண்டிருந்தன. கோழியின் நெஞ்சிலுள்ள கவட்டெலும்பை ஒத்திருப்பதால் ஆங்கிலேயர் இதற்கு "விஷ்போன்" என்று பெயரிட்டனர். இனிப் பூட்ட வேண்டியவை முன் ஷொக் அப்சோபர்கள். ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம் வரும். நடுவே எண்ணெய் நிறைந்த உருளை, அதைச் சுற்றிச் சுருள்வில். மேல்முனை சட்டகத்தோடும் கீழ்முனை கீழ்க் கையோடும் சேர வேண்டும்.

"ஷொக் அப்சோபர் எண்டு சொல்லுறது சரியில்லை அப்பா. அதிர்ச்சியை வாங்கிறது ஸ்பிரிங். இது அந்த ஸ்பிரிங்கை அடக்கிறது. புத்தகத்திலை டாம்பர் எண்டுதான் போட்டிருக்கு" என்றான்.

சொல்லின் பொருளைத் திருத்துவது ஆசிரியரின் உரிமை என்று நினைத்திருந்த நாம் வாய் மூடி நின்றோம். அவன் சொன்னது சரி. சில்லு ஒரு மேட்டில் ஏறும்போது சுருள்வில் சுருங்கி அந்த விசையைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. ஆனால் அதனால் அதை வைத்திருக்க முடியாது, உடனே திருப்பித் தந்துவிடும். வில் மட்டும் இருந்தால் கார் ஒரு குழியில் விழுந்து எழுந்த பின்னும் தொட்டில் போல ஆடிக்கொண்டே போகும். ஆடும் சில்லு வீதியைச் சரியாகப் பற்றாது. பற்றாத சில்லு திரும்பவும் மாட்டாது, பிரேக்குக்கும் அடங்காது. பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் முன் சில்லுகளே பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன. அங்கே அடக்குவதற்கு ஒன்று வேண்டும். உருளைக்குள் இருக்கும் தட்டு எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே தள்ளுகிறது. எண்ணெய் விரைந்து போகமாட்டேன் என்று மறுக்கிறது. அந்த மறுப்பில் ஆட்டம் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. கரடுமுரடான பாதையில் நெடுந்தூரம் ஓடிய காரின் டாம்பரைத் தொட்டால் சுடும் என்றான் மகன்.

வேலை எளிதாகத் தோன்றிற்று, எளிதாக இருக்கவில்லை. சட்டகத்தில் இரண்டு காதுகள் போன்ற தகடுகள் இருக்கின்றன. அவற்றின் நடுவே டாம்பரின் முனை நுழைந்து, ஒரு போல்ட் எல்லாவற்றையும் ஊடுருவிச் செல்ல வேண்டும். ஆனால் சட்டகத்துக்குப் பூசிய வர்ணம் துளைகளின் உள்ளேயும் படிந்து அவற்றைச் சிறிதாக்கியிருந்தது. மகன் அதை வட்ட அரத்தால் பொறுமையாகச் சுரண்டினான். முனைக்கும் காதுகளுக்கும் இடையே இருபுறமும் வொஷர்கள் நிற்க வேண்டும். இடைவெளியை நிரப்பாமல் நட்டை இறுக்கினால் காதுகள் உள்நோக்கி வளைந்து, பிற்காலத்தில் ஒட்டு வெடிக்கலாம். வொஷர்களோ ஒன்றைப் பிடித்தால் மற்றது விழும். கிறீஸ் தடவி அவற்றை ஒட்ட வைக்கும் வேலை எமக்குத் தரப்பட்டது. மேல் போல்ட் நுழைந்ததும், கீழ்க் கையை ஜாக்கியால் மெல்ல உயர்த்தித் துளைகள் நேராகும் கணத்தில் கீழ் போல்டைச் செலுத்தினான். இடையில் எமது பெருவிரல் ஒருமுறை நசுங்கிற்று. இடப்புறம் முடிய ஒரு மணி நேரம், வலப்புறம் முடிய அரை மணி நேரம். பின்னர் அவன் நீண்ட ஸ்பனரால் எல்லா நட்டுகளையும் இறுக்கினான். விஷ்போன்களின் நட்டுகளை முதல் நாளே இறுக்கியிருந்தான். "முடிஞ்சுது. தாங்க்ஸ் அப்பா" என்றான்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. கராஜிலிருந்து கையோடு கொண்டுவந்த பூட்டல் கையேட்டைப் படுக்கையில் விரித்தோம். ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில், அறுபது பக்கங்கள் வரையில் இருந்தது. முன் சில்லுகள் பற்றிய பகுதியில் "புஷ்" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. அச்சொல்லைக் கண்டதும் எமது மனம் முப்பது ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றது.

1994 ஆம் ஆண்டு; நாம் பட்டம் பெற்று ஆசிரியராகச் சேர்ந்த புதிது. 1990 இல் போர் மீண்டும் மூண்டதிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் இல்லை, மின்சாரமும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. அப்படியிருந்தும் பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அந்த வித்தையைச் செய்தவர்கள் எமது கல்லூரி வகுப்பறைகளில் பின்வாங்கில் இருந்தவர்கள், அல்லது வகுப்பறைக்கே வராதவர்கள். எமது ஒழுங்கையின் முடிவில் அப்படி ஒருவர் இருந்தார். ஊர் அவரைக் கராஜ்காரர் என்றே அழைத்தது. பழைய ரயரை வெட்டி இறப்பர்த் துண்டுகள் செய்து கார்களுக்குப் போடுவார். அவர் ஒருநாள் மாலை, ஒஸ்ரின் கார் ஒன்றின் கையேட்டிலிருந்து கிழிந்த ஒரு தாளைக் கொண்டு எமது வாசலில் வந்து நின்றார். "மாஸ்ரர், இதை ஒருக்கால் தமிழிலை சொல்லுவியளோ?" என்று கேட்டார். படலைக்கு உள்ளே அவர் வரவில்லை. நாமும் வரச் சொல்லவில்லை.

அந்தத் தாளில் ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தெரிந்தவையாகவும், பொருள் மட்டும் தெரியாததாகவும் இருந்தது. புஷ் என்றால் பற்றை. பற்றைக்கும் மோட்டார் வண்டிக்கும் என்ன தொடர்பு? எமக்கு விளங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவரிடமே கேட்டிருந்தால் அந்த ஒரு சொல்லை அவர் சொல்லியிருப்பார். மிகுதி வசனத்தை நாம் சொல்லியிருப்போம். ஆனால் பட்டதாரி ஒருவர் கராஜ்காரரிடம் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்பதா? "இப்ப நேரமில்லை" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் பிழையாக ஒன்றும் நினைக்காதவர் போலத் தலையசைத்துச் சென்றார்.

1995 ஐப்பசி 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் பெயர்ந்த இரவில், நாவற்குழிக்குப் போகும் நெரிசலில் அவரைக் கண்டோம். சைக்கிளின் கரியரில் ஆயுதப் பெட்டியைக் கட்டி உருட்டிக்கொண்டு போனார். எமது சைக்கிளின் கரியரில் சான்றிதழ்க் கோவை இருந்தது. நாம் கூப்பிடவில்லை. அதன்பின் அவரைக் காணவுமில்லை.

அந்த நினைவோடு கையேட்டை முதலிலிருந்து வாசித்தோம். இம்முறை விளங்காத சொல்லைத் தாண்டிச் செல்லவில்லை. படத்தைப் பார்த்து, முன்பக்கம் திரும்பி, அது எந்தப் பாகம் என்று அறிந்த பின்னரே அடுத்த வரிக்குச் சென்றோம். புஷ் என்பது இரும்புக் குழல் ஒன்றைச் சுற்றி இறப்பரை ஒட்டிச் செய்த மூட்டு. விஷ்போனின் உள்முனைகளிலும் டாம்பரின் இரு முனைகளிலும் அது இருக்கிறது. நட்டை இறுக்கும்போது நடுக் குழல் அசையாதபடி பிடிபடுகிறது. கை மேலும் கீழும் ஆடும்போது குழல் சுழல்வதில்லை, இறப்பரே முறுகிக் கொடுக்கிறது. ஆகவே, அப்பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது. கார் நிலத்தில் நின்று, சாரதியின் பாரமும் ஏறிய பின்னரே இந்த நட்டுகளை முழுதாக இறுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

எழுந்து உட்கார்ந்தோம். மகன் எல்லாவற்றையும் சில்லுகள் அந்தரத்தில் தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டான். அப்படி விட்டால், கார் நிலத்தில் இறங்கியவுடனேயே இறப்பர் முறுகிவிடும். நிற்கும்போதும் முறுகியபடியே நிற்கும். ஒவ்வொரு குழியும் அதை மேலும் முறுக்கும். விரைவில் கிழியும். அதற்கு முன்னரே, முறுகிய இறப்பர் காரைத் தூக்கிப் பிடிப்பதால் முன்புறத்தின் உயரத்தை அளந்தால் பிழையான அளவே கிடைக்கும். எல்லா வகை மூட்டுகளுக்கும் இவ்விதி இல்லை. கோள மூட்டுக்கு இது வேண்டியதில்லை. மகனின் காரில் இருந்தவை இறப்பர் மூட்டுகள்.

இனி எப்படிச் சொல்வது என்பதே கேள்வி. ஐந்து மாதங்களின் பின் திறந்த கதவு அது. "படிக்காமல் செய்தால் இப்படித்தான்" என்ற வசனம் நாவின் நுனியில் ஆயத்தமாக நின்றது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஆசிரியத் தொழிலை விட்டு வந்தோம். அந்தக் குரல் மட்டும் எம்மை விடவில்லை. விடியும்வரை அதை விழுங்கிக்கொண்டிருந்தோம்.

காலையில் தேநீரோடு கராஜுக்குச் சென்று, கையேட்டை அந்தப் பக்கத்தில் விரித்து வைத்தோம். "தம்பி, இதிலை இந்த வசனம் எனக்குச் சரியாய் விளங்கேல்லை. நீ ஒருக்கால் பார்" என்றோம். அவன் ஒருமுறை வாசித்தான். மறுமுறை வாசித்தான். பின்னர் முன் சில்லுப் பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு விளங்கினதாலைதான் கொண்டு வந்தனீங்கள்" என்று சொல்லிச் சிரித்தான். "நான் உந்தப் பக்கத்திலை படத்தை மட்டும்தான் பார்த்தனான்."

நட்டுகள் எல்லாம் தளர்த்தப்பட்டன. கழற்றியவற்றை அவன் மீண்டும் பயன்படுத்தவில்லை. நைலொக் நட்டின் உள்ளே ஒரு நைலோன் வளையம் இருக்கிறது. போல்டின் புரிகளைக் கவ்வி நட்டு தளராமல் காப்பது அதுவே. ஒருமுறை கழற்றியதும் அப்பிடி குறைந்துவிடும். புதியவற்றைக் கையால் மட்டும் பூட்டி, சில்லுகளை மாட்டி, காரைத் தாங்கிகளிலிருந்து இறக்கினோம். ஸ்பனர் செல்ல இடம் வேண்டும் என்பதால் நான்கு சில்லுகளின் கீழும் ஒரே தடிப்பான பலகைகள். இறக்கியவுடன் ரயர்கள் தரையைப் பக்கவாட்டில் பற்றிக்கொண்டு காரை முழுதாக அமர விடாது. எனவே பலகையின் மேலேயே சற்று முன்னும் பின்னும் தள்ளி, மூக்கை அழுத்தி விட்டான். முன்பு ஆடாத கார் ஒருமுறை தாழ்ந்து, எழுந்து, அமைதியாக நின்றது. டாம்பர் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

அடுத்தது சாரதியின் பாரம். சாரதி அவன், இறுக்க வேண்டியவனும் அவன். "அப்பா, நீங்கள் ஏறி இருங்கோ" என்றான். அவன் 78 கிலோ, நாம் 69 கிலோ. வாசலில் நின்ற துணைவியார் எதுவும் பேசாமல் உள்ளே சென்று 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை மடியில் வைத்தபடி, கதவில்லாத அந்தக் காரில் நாம் அமர்ந்தோம். ஒரு கிலோ கூட; பரவாயில்லை என்றான் மகன். எமது பட்டமும் பதவியும் எவரும் கேட்காத இடத்தில், எமது எடை தேவைப்பட்டது. அரை மணி நேரம் அசையாமல் இருந்தோம். முறுக்குவிசையை அளக்கும் ஸ்பனர் ஒவ்வொரு நட்டிலும் குறித்த அளவை எட்டியதும் "டிக்" என்றது. நாம் எண்ணிக்கொண்டிருந்தோம்.

முடிந்ததும் அவன் ஒரு சிவப்பு வர்ணப் பேனையை எம்மிடம் தந்தான். இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் போல்டின் மேலும் சேர்த்து ஒரு கோடு இழுக்க வேண்டுமாம். பின்னர் நட்டு சிறிது அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். "நீங்கள்தானே சிவப்புப் பேனைக்காரர்" என்றான். முழந்தாளிட்டு ஒவ்வொன்றாகக் கோடு இழுத்தோம். எத்தனையோ பிள்ளைகளின் கொப்பிகளில் பிழைகளுக்குக் கோடிட்ட கை இது. சரியானவற்றுக்கு மட்டும் கோடிட்டது அன்றுதான்.

கார் இன்னும் வீதிக்கு வரவில்லை. வீட்டில் பூட்டிய காரைப் பதிவு செய்யுமுன் ஐ.வி.ஏ. என்ற அரச சோதனையில் அது தேற வேண்டும். 2009 முதல் நடைமுறையில் உள்ள அச்சோதனையில், வெளியே தெரியும் கூரிய விளிம்புகள் 2.5 மில்லிமீற்றர் ஆரைக்காவது வளைந்திருக்கின்றனவா என்றுகூடப் பார்ப்பார்கள். அதற்காக மகன் வெளியே நீண்ட நட்டுகளுக்குப் பிளாஸ்டிக் மூடிகள் தேடுகிறான். அச்சோதனை பற்றிய விதிகளை நாம் வாசித்து, பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதிக் கொடுக்கிறோம். விளங்காத சொல்லை அவனிடம் கேட்கிறோம்.

இதை எழுதத் தூண்டியது அந்தக் கையேட்டின் குறிப்பே. எமது பிள்ளைகள் இந்த நாட்டில் தம் சொந்தப் பாரத்தோடு நிலத்தில் அமருமுன்னரே, அவர்கள் எப்படி நிற்க வேண்டும் என்று நாம் இறுக்கிவிடுகிறோம். அவர்கள் ஒன்றும் சொல்வதில்லை, உள்ளே முறுகுகிறார்கள். தளர்த்தி மீண்டும் இறுக்க எமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்த்தது. எல்லா வீட்டிலும் அது வாய்க்கும் என்று சொல்ல முடியாது.

சென்ற வாரம் ஒரு திருமண வீட்டில், சாப்பாட்டு வரிசையில், முன்னுக்கு நின்றவர் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். "மோட்டார் வேலை பழகுகிறான்" என்றோம். அவர் ஒரு கணம் யோசித்தார். பின்னர் குரலைத் தாழ்த்தி, தமது காரின் முன்புறத்தில் சில நாட்களாக ஒரு சத்தம் கேட்பதாகவும், மகனை ஒருமுறை பார்க்கச் சொல்ல முடியுமா என்றும் வினவினார். கேட்டுச் சொல்வதாகக் கூறினோம். வாசலில் தாளோடு வந்து நின்றவர் ஒருவருக்குச் சொல்லாமல் விட்ட விடை எம்மிடம் இன்னும் இருக்கிறது.